துடைக்கக் கூடாத பெஞ்சு

ஜூன் 3

தளப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய மாற்றுப்பொருள் ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ் தங்கள் வீட்டு வாசலில் வைக்கப்பட்டுள்ள சோதனை பெஞ்சு தொடர்பாகச் சில விவரங்கள் தேவைப்படுகின்றன.

அக்கா, இதற்கு மேல் இந்த நடையில் எழுத எனக்குக் கை வரவில்லை. ‘தங்கள்’ என்று எழுதும்போதே நீ இதைச் சத்தமாகப் படித்துச் சிரிப்பது காதில் கேட்கிறது. அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். ஆனால் இது அலுவலகக் கடிதம்தான். நம் சண்டை அப்படியே இருக்கிறது, அதில் ஒரு மாற்றமும் இல்லை. போனில் கேட்டிருக்கலாம். நீ எடுக்க மாட்டாய், எடுத்தால் நான் கத்துவேன்.

விஷயம் இதுதான். வைக்கோலையும் மரத்தூளையும் செடியிலிருந்து எடுத்த பசையில் குழைத்து, சூட்டில் அழுத்தி நாங்கள் செய்த பன்னிரண்டு பெஞ்சுகளை நாட்டின் பல மூலைகளில் வீட்டு வாசல்களில் வைத்தோம். பிளாஸ்டிக்கும் வேண்டாம், மரத்தையும் வெட்ட வேண்டாம். உழைக்கிற வரை உழைக்க வேண்டும், முடிந்ததும் மண்ணோடு மண்ணாகிவிட வேண்டும், அதுதான் திட்டம். இரண்டு வருடத்தில் பதினொன்று ஊறி, உப்பி, ஓரம் பிய்ந்துவிட்டன. உன் வாசலில் இருப்பது மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜொலிக்கிறது. அத்தான் மாதாமாதம் அனுப்பும் புகைப்படங்களைச் சுவரில் ஒட்டிவைத்து நாங்கள் நான்கு பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகஸ்டில் மதிப்பீட்டுக் குழு கூடுகிறது. எங்கள் வேலை அடுத்த கட்டத்துக்குப் போகுமா, இல்லை மூட்டை கட்ட வேண்டியதுதானா என்பது உன் வாசல் பெஞ்சை நம்பித்தான் இருக்கிறது. குழு முதலில் கேட்கப்போவது, ‘அது மட்டும் எப்படி?’ என்றுதான். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது? கூரைத் தண்ணீர் அதன் மேல் சொட்டுகிறதா? பக்கத்தில் பட்டறை, ஆலை ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா? அத்தானிடம் கேட்டால் ‘எல்லாம் நல்லா இருக்கும்மா’ என்பதற்கு மேல் ஒரு சொல் வராது, உனக்கே தெரியும். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். மற்ற எதைப் பற்றியும் நீ எழுத வேண்டியதில்லை.

திட்டத்தின் முதன்மை ஆய்வாளர்
(உன் தங்கைதான்)


ஜூன் 14

மாட்சிமை பொருந்திய ஆய்வாளர் அம்மையார் அவர்களுக்கு,

அடியே குப்பை, இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம், அதிலும் ஒரு ‘நல்லா இருக்கியா’ கிடையாது. காற்று எப்படி, வெயில் எப்படி என்று கேட்டிருக்கிறாய். இருவரும் சௌக்கியம். தெருவில் கிடக்கிற உடைந்த ஓடு, பாட்டில் மூடி எல்லாவற்றையும் மடியில் அள்ளிக்கொண்டு வந்து என் பாயில் கொட்டினவளுக்கு நான் வைத்த பெயர் குப்பை. இன்றைக்கு அதையே செய்வதற்கு அரசாங்கம் உனக்குச் சம்பளம் கொடுக்கிறது. நான் மட்டும் ‘தளப் பொறுப்பாளர்’.

சண்டை அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப நல்லது, என்னிடமும் பத்திரமாக இருக்கிறது. பெஞ்சு வைக்க வந்த அன்று நீ கூடத்தில் போட்டிருந்த பையில் ஏதோ தூசு தும்பு என்று நினைத்து நான் வெளியே கொட்டியது தப்புதான். அது உன் ஆராய்ச்சித் தூள் என்று பையின் நெற்றியிலா எழுதியிருந்தது? அதற்காக உன் கூட வேலை பார்க்கிறவர்கள் முன்னால், “இவளுக்குத் தொடைக்கிற துணியத் தவிர உலகத்துல என்ன தெரியும்?” என்று கேட்டாயே. நான் சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாய். அவர்கள் பாவம், தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாயங்காலமே வண்டியேறிவிட்டாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சரி, கேட்டதற்குப் பதில். காலை வெயில் பெஞ்சின் முதுகுப் பக்கம், பிற்பகலில் முழுக்க அதன் மேல்தான். கூரைத் தண்ணீர் சொட்டுகிறது என்று சொல்வதே மரியாதை, கொட்டுகிறது. ஆலை எதுவும் இல்லை, மூலையில் ஒரு சலவைக்கடை வந்திருக்கிறது. தபால்காரர் உட்காருவார். எதிர்வீட்டு முழங்கால்வலி அம்மா கடைக்குப் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் உட்கார்ந்து தெருக்கதை பேசுவார். பள்ளிக்கூடப் பெண்கள் மூன்று பேர் வீட்டுக்குப் போக மனசில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை, எழுந்து போனதும் துடைத்துவிடுவேன்.

துணியைத் தவிர என்ன தெரியும் என்றாய் அல்லவா, கேட்டுக்கொள். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும், நம் வாசல் கதவுக்குப் போடுவேனே, ஆளிவிதை எண்ணெயில் மெழுகு உருக்கின கலவை, அதையே உன் பெஞ்சுக்கும் போட்டுத் தேய்க்கிறேன். மேலே, கீழே, கால் இடுக்கு, எதையும் விடுவதில்லை. அடிப்பக்கத்துக்குப் பழைய டூத் பிரஷ். மழை பிடித்தால் தார்ப்பாய். நீ கோபித்துக்கொண்டு போன மறுவாரமே ஆரம்பித்தேன். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அத்தானைத் தேய்க்கச் சொல்லிவிட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றதெல்லாம் பிய்ந்துபோய், என் கையில் விட்டுப் போனது மட்டும் நிற்கிறது என்றால், துணிக்கும் கொஞ்சம் மரியாதை கொடு.

துணிக்காரி


ஜூன் 21

அக்கா,

பெஞ்சைத் தொடாதே. இதைப் படிக்கும்போது கையில் துணி இருந்தால் கீழே போடு.

அதைப் பராமரிக்கவே கூடாது. வெயிலும் மழையும் அதை என்ன பாடு படுத்துகின்றன என்று பார்க்கத்தான் வைத்தோம். உட்காரலாம், அவ்வளவுதான். துடைக்கக் கூடாது, மூடக் கூடாது, எண்ணெய் என்ற பேச்சே கூடாது. இதை அன்றைக்கே அத்தானிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் வண்டியேறினேன். நன்றாகத் தலையை ஆட்டினார்.

சில மாதங்களாக நாங்கள் உங்கள் ஊர் வானிலையை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம், தெரியுமா? காற்றில் எவ்வளவு ஈரம், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றெல்லாம். எங்கள் குழுவில் கணக்குப் பார்க்கிறவர் அதற்கு ஒரு வரைபடமே போட்டுவிட்டார். பார்க்க அழகாக இருக்கிறது, எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார். அந்த வரைபடம் முழுக்க உன் ஆளிவிதை எண்ணெய், அக்கா.

உன் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அந்த டூத் பிரஷ் வரைக்கும் வந்ததும் கோபம் எங்கேயோ போய்விட்டது, பயம் மட்டும்தான் மிச்சம்.

அத்தானைக் கேள். ஏன் சொல்லவில்லை என்று கேள்.

தங்கை


ஜூன் 30

குப்பை,

கேட்டேன். சாப்பாட்டுத் தட்டை வைக்காமலேயே கேட்டேன். மனிதர் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அதைப் பிடுங்கி மடித்து என் அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“அவதான் உன்கிட்ட சொல்ல வேணாம்னா. ‘அக்காவுக்குச் சொன்னாப் புரியாது அத்தான், நீங்களே பாத்துக்கங்க’ன்னா.”

“சரி, நீங்க பாத்த லட்சணம் என்ன? கண்ணெதிர்லதான தொடைச்சேன்? தொடைச்ச கையோட நீங்கதான போட்டோ எடுத்தீங்க?”

“எடுத்தேன். பளபளன்னு இருந்துச்சு. அவளும் சந்தோஷப்படட்டுமேன்னு...”

“ஒரு வார்த்த சொன்னா என்ன, வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா?”

பிறகு அவர் சொன்னார்: “சனிக்கிழம அதத் தேய்க்கிறப்பதான் நீ அவளப் பத்திப் பேசுவ. இந்த வாரம் என்ன பண்ணுவாளோ, சாப்பிட்டாளோ இல்லியோன்னு. மத்த நாள்ல அவ பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடுவ. அந்த ஒரு மணி நேரத்தயும் நான் எதுக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்.”

எழுந்து போய்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன்.

ஆனால் உன்னை விடமாட்டேன். ‘சொன்னாப் புரியாது’ என்றாயாமே. ‘அக்கா, இதத் தொடாத’ என்று இரண்டு சொல். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? உனக்கு என் மேல் இருந்த கோபத்தில் அந்த இரண்டு சொல்லை அத்தான் காதில் போட்டுவிட்டுப் போனாய். அது இன்றைக்கு உன் தலையில் வந்து விடிந்திருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷம் என்று நினைக்காதே. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். வெறும் தாள், கீழே என் கையெழுத்து. ‘நான் அந்த பெஞ்சைத் தொடவே இல்லை’ என்று மேலே டைப் அடித்துக்கொள். எதிர்வீட்டு அம்மா வாயைத் திறக்க மாட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன். நான் பொய் சொல்லிப் பார்த்ததில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் உன் வேலை என்னால் போயிற்று என்று இருந்தால், அப்புறம் நான் எதைத் துடைத்து என்ன?

அக்கா


ஜூலை 16

அக்கா,

உன் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நேற்று நான்கு தரம் திறந்து பார்த்தேன்.

இங்கே எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். நீ ஒரு தடவைகூட வந்ததில்லை. நீளமான கொட்டகை, நடுவில் அழுத்துகிற இயந்திரம், அது வேலை செய்யும்போது வைக்கோல் வேகிற வாசனை உடுப்பில் ஏறி, வீட்டுக்குப் போனாலும் போவதில்லை. நீ பார்த்தால் உடனே வாளியைத் தேடுவாய். தரையெல்லாம் தூள். கணக்குப் பார்க்கிறவருக்குப் போன மாதம் குழந்தை பிறந்தது. பசை காய்ச்சுகிற பெண் நல்ல வேலையை விட்டுவிட்டு எங்களை நம்பி வந்தவள். இயந்திரக்காரர் உன் பெஞ்சின் படத்தைத் தன் போனில் முகப்பாக வைத்திருக்கிறார், பெற்ற பிள்ளை மாதிரி. இவர்கள் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. தினமும் வெளியே போகும்போது, “ஆகஸ்ட்ல அடிச்சுத் தூக்கிடலாம் மேடம்” என்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

உன் தாளில் எழுதிவிடலாம் என்றுதான் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஒரு வருடம் கிடைத்தால் பசையைச் சரிபண்ணிவிடலாம், அப்புறம் யாருக்கு என்ன நஷ்டம் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். டைப் அடிக்கக்கூட உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அடுத்த கட்டத்தின் திட்ட வரைவு கண்ணில் பட்டது. நாங்கள் எழுதியதுதான். பேருந்து நிறுத்தங்கள், பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரி வராந்தாக்கள், எல்லாவற்றிலும் இந்த பெஞ்சு. அக்கா, அத்தனை பெஞ்சுக்கும் அக்கா இருக்க மாட்டாள். சனிக்கிழமை யாரும் எண்ணெய் எடுத்துக்கொண்டு வர மாட்டார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒருவர் மெதுவாக வந்து உட்காருவார். அது உப்பின பெஞ்சு.

எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் தைரியம் இல்லை. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

‘புரியாது’ என்று சொன்னது என் திமிர். அன்றைக்கே எனக்குத் தெரியும், சொன்னால் நீ கேட்டிருப்பாய் என்று. கேட்டுவிடுவாய் என்பதற்காகவேதான் சொல்லாமல் போனேன். உன்னிடம் ஒரு உதவி கேட்கிற மாதிரி ஆகிவிடுமே என்று இருந்தது.

தங்கை


ஜூலை 25

குப்பை,

கடிதத்தைப் படித்துவிட்டு வாசலுக்குப் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அம்மா வந்தார். வழக்கம் போல ஒரு கையை என் தோளில் ஊன்றி, முனகிக்கொண்டு, முழுப் பாரத்தையும் அதன் மேல் போட்டு உட்கார்ந்தார். நம்பித்தான் உட்கார்ந்தார்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடு. உனக்கு உதவி என்று நினைத்து அனுப்பினேன், அது அழுக்கு.

கிழிக்க மனசு வரவில்லை என்றாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். அதில் இருப்பது என் கையெழுத்து, பாதி எனக்கும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு நீ என்னிடம் வந்து உட்காரும்போது இரண்டு பேரும் எங்கே பார்ப்பது? அதை மட்டும் யோசித்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஆகஸ்ட் 22

அக்கா,

சொல்லிவிட்டேன்.

முதலில் என் மூன்று பேரிடமும் சொன்னேன். இயந்திரக்காரர் போனை எடுத்து அந்தப் படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “உங்க அக்கா கைய ஒருநாள் பாக்கணும் மேடம்” என்றார். பசை காய்ச்சுகிற பெண் எழுந்து போய்விட்டாள். இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அது நியாயம்தான்.

மதிப்பீட்டுக் குழுவில் ஏழு பேர். தலைவர் உன் பெஞ்சின் படத்தைக் காட்டி நான் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். “மத்ததெல்லாம் போயிடுச்சு, இது மட்டும் எப்படி நிக்குது?”

“எங்க அக்கா வாராவாரம் எண்ணெய் போட்டுத் தொடைச்சிருக்காங்க சார்.”

ஒருவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு முழுவதையும் சொன்னேன், என் பையை நீ கொட்டியதிலிருந்து. அது எதற்கு என்று ஒருவர் கேட்டார். அது இல்லாமல் இது நடந்திருக்காது, அதனால்தான் என்றேன்.

வெளியில் வைக்கிற பெஞ்சு வேலையை நிறுத்திவிட்டார்கள். இனி நான் முதன்மை ஆய்வாளர் இல்லை, வேறொருவரின் குழுவில் கட்டடங்களுக்கு உள்ளே வைக்கிற பலகை செய்கிறேன். கணக்குப் பார்க்கிறவரையும் இயந்திரக்காரரையும் கூடவே கூட்டிக்கொள்ள முடிந்தது. அந்தப் பெண் போகிறாள். அன்று சாயங்காலம் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். பிறகு உன் தாளைக் கிழித்து, பழக்கதோஷம், பழைய காகிதத் தொட்டியில் போட்டேன். அது இந்நேரம் கூழாகியிருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்டேன், கொடுத்தார்கள். உன் வாசல் பெஞ்சை அப்படியே விட்டுப் பார்க்கலாம் என்று. எண்ணெய் பிடித்த பலகை, கவனிப்பாரில்லாமல் விட்டால் எவ்வளவு காலம் தாங்கும், எங்கே முதலில் விட்டுக்கொடுக்கும் என்று பார்க்க. யாருக்கும் அதில் பெரிய நம்பிக்கை இல்லை, எனக்கும் இல்லை. எதிர்வீட்டு அம்மாவை மட்டும் இனி அதில் உட்கார விடாதே.

அதனால், தளப் பொறுப்பாளர் அவர்களே, இந்தத் தடவை நேராக உன்னிடமே சொல்கிறேன். உனக்கு ஒரு வேலை. ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். முடியுமா?

தங்கை


பிப்ரவரி 8, சனிக்கிழமை

அடியே குப்பை,

முடியுமா என்று கேட்டாய். நீ வேறு எது கேட்டிருந்தாலும் செய்திருப்பேன். மலையைப் புரட்டச் சொல்லியிருந்தால் இடுப்பில் துணியைச் செருகிக்கொண்டு போயிருப்பேன். கண்ணெதிரே அழுக்கு சேர்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இரு என்கிறாயே, இது எந்த ஊர் நியாயம்?

ஆனாலும் இருந்தேன். சனிக்கிழமைகளில் உனக்கு எழுத ஆரம்பித்ததே அதனால்தான். கையில் பேனா இருந்தால் துணியை எடுக்க முடியாது. என் கடிதங்களில் பாதிக்கு மேல் புலம்பல் என்று நீ சொன்னது உண்மைதான், அதெல்லாம் அந்த பெஞ்சுக்குப் போயிருக்க வேண்டிய தேய்ப்பு.

தெருவில் என் மானம் கப்பலேறிவிட்டது. முதல் மழையில் அது சாம்பல் நிறமானதும், தபால்காரர் மெதுவாக அத்தானிடம், “வீட்ல அம்மாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லீங்களா?” என்று கேட்டிருக்கிறார். சலவைக்கடைக்காரர் எனக்கு ஒரு பழைய வேட்டியைக் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தார், துணி இல்லாமல் கஷ்டப்படுகிறேனாம். எதிர்வீட்டு அம்மாவுக்கு நம் மர நாற்காலியைத் தூக்கிப் போட்டேன். “ஏன், நான் உக்காந்தா உன் தங்கச்சி பெஞ்சு தேஞ்சிடுமா?” என்று ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லோரிடமும் ஒரே பதில்தான் சொன்னேன்: “இது என் தங்கச்சி ஆராய்ச்சி. தொடைக்கக் கூடாதுங்கிறது அரசாங்க உத்தரவு.” அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

எண்ணெய் கொஞ்ச காலம் தாங்கியது. அப்புறம் இடது ஓரம் உப்பியது. அத்தான் இப்போது உள்ளதை உள்ளபடி படம் எடுக்கிறார், உனக்கு வந்திருக்கும். கால் இடுக்கில் பச்சையாக ஒரு பாசி பிடித்தது. அந்த இடுக்கில் டூத் பிரஷ் எப்படிப் போகும் என்று என் விரலுக்குத்தான் தெரியும். அதைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சில நாள் பின்வாசல் வழியாகப் போய்வந்தேன்.

இன்றைக்குக் காலையில் என்ன தோன்றியதோ, காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு வந்து அதில் உட்கார்ந்தேன். நீ எதிர்வீட்டு அம்மாவைத்தான் உட்காரக் கூடாது என்றாய், என்னைச் சொல்லவில்லை. ஒரு வாய் குடித்தேன். ‘பொதுக்’ என்று ஒரு சத்தம். இடது கால் போயிற்று, பலகை நடுவில் விட்டது, நான் காபியோடு தரையில். அடி ஒன்றும் இல்லை, பயப்படாதே. அத்தான் ஓடிவந்தார். நான் கிடந்தபடியே சிரிக்கிறேன். “என்னடி, தலையில அடிபட்டுடுச்சா?” என்று அவர் பதற, “முதல்ல போட்டோ எடுங்க, அவளுக்கு வேணும்” என்றேன். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. வைத்துக் காப்பாற்றினது இப்படி விழுந்துவிட்டதே என்று இருந்தது. உன்னையும் கூடவே நினைத்துக்கொண்டேன்.

உனக்கு இது ஜெயமா தோல்வியா என்று எனக்குத் தெரியாது. இடது கால்தான் முதலில் விட்டது, கூரைத் தண்ணீர் விழுகிற பக்கம். உடைந்த இடத்தில் உள்ளே ஈரமாக, மண் மாதிரி உதிர்கிறது. ஆனால் வலது பாதி இன்னும் கல்லாக இருக்கிறது, தட்டினால் சத்தம் வருகிறது. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது உன் வேலை, வந்து பார்.

ஒன்றையும் தொடவில்லை. துண்டுகள் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. கொட்டின காபிகூட அப்படியே இருக்கிறது. ஈ மொய்க்கிறது, போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு மேல் என்னால் முடியாது. கடைசி வண்டியைப் பிடித்தாவது கிளம்பி வா.

அக்கா